கழன்று விழாத கோல்

தஞ்சாவூர்க் கீழவாசல் பக்கம் பீரங்கி மேட்டில் ஏறியவர்களுக்கு ராஜகோபால பீரங்கியைத் தெரியும். ரகுநாத நாயக்கர் காலம், அதாவது 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. ஏழரை மீட்டர் நீளம், ஏறத்தாழ 22 டன் எடை. உருக்கி வார்த்தது இல்லை அது. இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் சேர்த்து, அவற்றின் மேல் பழுக்கக் காய்ச்சிய வளையங்களை ஏற்றி, அடித்தே ஒன்றாக்கியது. வாயின் அகலத்தைப் பார்த்தால் ஒரு சிறுபிள்ளை தவழ்ந்து உள்ளே போய்விடலாம் போல இருக்கும். மருந்தும் குண்டும் போவதற்கும் அந்த வாயை விட்டால் வேறு வழி கிடையாது. இன்று நாம் பேசப்போவது இதே குடும்பத்தில் ஒரு சின்னப் பிறவியைப் பற்றி: தோளில் சாய்த்துத் தூக்கிப்போகிற, வாய் வழியாகக் கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி. அதிலும் அதன் அடிவயிற்றில் செருகியிருக்கும் ஒரு மரக்கோலை மட்டும்தான் பார்க்கப்போகிறோம்.

ஒரு கோலுக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோலைப் புரிந்துகொண்டால், ஐப்பசியில் ஏன் வாசல் கதவு அடைத்துக்கொள்கிறது, மண்வெட்டிக் காம்பு ஏன் சித்திரையில் ஆடுகிறது, வீணையின் பிருடை ஏன் சில நாள் வழுக்குகிறது என்பதெல்லாம் சேர்ந்தே புரிந்துவிடும்.

முதலில் கோலின் வேலை. குழலின் பின்புறம் மூடியிருப்பதால், கரிமருந்தை வாயிலிருந்து கொட்ட வேண்டும். அதன் மேல் தக்கை, குண்டு. இவை தாமாகக் கீழே போய் இறுகி உட்காராது. ஒரு நீளக் கோலால் தள்ளிக் கெட்டிக்க வேண்டும். குழலின் உட்புறம் வழுவழுவென்று இருந்தால் கொஞ்சம் தள்ளினாலே போதும். ரைஃபிள் என்பது வேறு சாதி. அதன் குழலுக்குள் திருகாணி மரைபோலச் சுற்றிச் சுற்றி வரிகள் வெட்டியிருப்பார்கள். குண்டு அந்த வரிகளைக் கவ்விக்கொண்டு போனால்தான் சுழன்று நேராகப் பாயும். அதனால் குண்டைத் துணி சுற்றி இறுக்கமாக இறக்க வேண்டியிருக்கும். கோலுக்கு அங்கே வேலை கடுமை. சுட்ட பிறகு உள்ளே படிந்த கரியைத் துடைக்கவும் அதே கோல்தான். துணியை நுனியில் சுற்றி விட்டு எடுப்பார்கள்.

இப்போது கோல் குடியிருக்கும் இடத்துக்கு வருவோம். துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள். குழலுக்கு அடியில், மரக்கட்டையில் நீளமாக ஒரு காடி ஓடும், வாய்க்கால் மாதிரி. அந்தக் காடியில் இரண்டு மூன்று இடத்தில் பித்தளை வளையங்கள் இருக்கும். கோல் அந்த வளையங்களுக்குள் நுழைந்து நுழைந்து போய், கடைசி வளையத்தைத் தாண்டியதும் கட்டைக்குள்ளேயே குடைந்த ஒரு துளையில் இறங்கும். துளை ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான ஆழம் இருக்கலாம். வாய்க்கால், மதகு, கடைசியில் ஒரு சுரங்கம் என்று வைத்துக்கொள்ளலாம். கோலின் தடித்த தலை குழலின் வாய்க்குக் கீழே தெரியும்.

எங்கள் பெரியப்பா வீட்டில் இப்படி ஒரு துப்பாக்கி உண்டு. பயிர்ப் பாதுகாப்புக்கென்று தாத்தா காலத்தில் உரிமம் வாங்கியது. காவிரிப் படுகையில் பழைய மிராசு வீடுகள் சிலவற்றில் இப்படிச் சுவரில் ஒன்று மாட்டியிருக்கும். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சே இல்லை. ஆயுத பூஜைக்கு இறக்கி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, திரும்ப மாட்டுவதோடு சரி. வருஷத்தில் மற்றபடி அது வாசல்படி தாண்டுவது தேர்தல் சமயத்தில் மட்டும். தேர்தல் அறிவித்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும், முடிந்ததும் வாங்கிவர வேண்டும். அப்படி வாங்கிவந்த ஒரு வெயில் காலத்தில், வழியில் எங்கேயோ கோல் கழன்று விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் காடி காலியாக இருந்தது.

இது அபூர்வமான விபத்து இல்லை. எந்த ஊர் அருங்காட்சியகத்திலும் பழைய துப்பாக்கி ஒன்றின் முன்னால் நின்றால் முதலில் அடிவயிற்றைக் கவனியுங்கள். பல சமயம் கோல் இருக்காது, அல்லது பின்னால் வந்த மாற்றுக் கோலாக இருக்கும். தஞ்சாவூர் அரண்மனையின் ஆயுதசாலை 1855இல் மராத்திய அரசு முடிவுக்கு வந்த பிறகு கலைந்தது. அங்கிருந்து போன ஆயுதங்களை இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஒரு துப்பாக்கியில் மற்ற எல்லாம் ஆணியாலும் திருகாணியாலும் மரத்தோடு பிணைந்திருக்கும். கோல் ஒன்றுதான் தினமும் நூறு தடவை உருவிச் செருகுவதற்காகவே கட்டப்படாமல் இருப்பது. முதலில் தொலைவதும் அதனால் அதுதான். வீட்டில் அம்மிக்குழவி இருக்கும்போது மத்து மட்டும் காணாமல் போவதில்லையா, அதுபோல.

பெரியப்பா டவுனில் ஒரு கடைசல் பட்டறையில் புதுக் கோல் செய்து வாங்கினார். பழையது ஆடியதால்தானே விழுந்தது, இதைக் கொஞ்சம் தடிமனாகக் கடைந்து கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். பட்டறைக்காரரும் துளையை அளந்து, நுனியிலிருந்து தலை வரைக்கும் ஒரே கனத்தில், துளைக்குச் சரிசமமாகக் கடைந்து கொடுத்தார். ஆனி மாத வெயிலில் அது பிரமாதமாகப் பொருந்தியது. தலைகீழாகப் பிடித்து உதறினாலும் அசையவில்லை. அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. ஆயுத பூஜைக்கு இறக்கி உருவப் பார்த்தால் கோல் வரவே இல்லை. இரண்டு பேர் பிடித்து இழுத்தும் வரவில்லை.

இங்கேதான் நாம் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். எல்லோரும் வழுக்குகிற இடம் இதுதான். பெரியப்பா நினைத்ததையே நானும் நினைத்தேன், நீங்களும் நினைத்திருப்பீர்கள்: கோல் கழன்று விழுகிறது என்றால் அது மெலிந்திருக்கிறது, தடிமனாக்கினால் நிற்கும். இறுக்கம் என்றால் தடிமன் என்று நம் மனசு தானாகவே எடுத்துக்கொள்கிறது. ஆனால் ஒரு கோல் ஓரிடத்தில் நிற்பதற்கு அதன் உடம்பு முழுக்க இறுக்கமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரே ஒரு இடத்தில், நாலைந்து விரற்கடை நீளத்தில், சரியாகத் தொட்டால் போதும். மீதி உடம்பு காற்றுப்போகும்படி தளர்வாக இருக்கலாம். இருக்கத்தான் வேண்டும்.

ஏன் என்று பார்ப்போம். திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் உங்கள் சட்டையைப் பிடித்தால் திமிறி வந்துவிடலாம். பத்துப் பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்தால் முடியாது. கோலும் துளையும் தொட்டுக்கொள்ளும் ஒவ்வொரு விரற்கடை நீளமும் அப்படி ஒரு பிடி. ஒரு முழத் துளை முழுக்கத் தொட்டால் அத்தனை பிடியும் சேர்ந்துகொள்ளும். வெயில் காலத்தில் ஒவ்வொரு பிடியும் லேசானது, அதனால் மொத்தமும் தாங்கும் அளவில் இருந்தது. மழையில் ஒவ்வொன்றும் கொஞ்சம் வலுத்தது. மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் இரண்டு பேர் இழுத்தும் வராத பிடி ஆகிவிட்டது.

மழையில் அப்படி எவ்வளவுதான் தடிக்கும் ஒரு கோல்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம், சுலபம்தான். வெட்டிக் காய்ந்த மரமும் காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். நம் பக்கம் கோடைக்கும் அடைமழைக்கும் இடையில், மரத்தின் எடையில் ஈரத்தின் பங்கு நாலைந்து சதவீதம் கூடலாம். ஒரு சதவீதம் ஈரம் கூடினால் மரம் தன் குறுக்கு அளவில் கால் சதவீதம் போல உப்பும். பத்து மில்லிமீட்டர் கனமுள்ள கோலுக்கு இது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஒரு தாளின் கனம், அவ்வளவுதான். ஆனால் துளைக்குச் சரிசமமாகக் கடைந்த கோலுக்கு அந்த ஒரு தாள் போவதற்கு இடம் ஏது?

நீளத்தில் மட்டும் மரம் ஈரத்துக்கு அசைந்து கொடுப்பதில்லை. ஒரு மீட்டர்க் கோல் மழையில் அரை மில்லிமீட்டர்கூட நீளாது. மரம் என்பது வைக்கோல் கட்டு மாதிரி, நீளமான குழாய்களைச் சேர்த்துக் கட்டியது. நனைந்தால் கட்டு பருக்கும், நீளாது. இன்னொன்றும் உண்டு. மரத்தின் வயது வளையங்களை ஒட்டிய திசையில் உப்பும் அளவு, நடுவிலிருந்து வெளியே போகிற திசையில் உப்புவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் வெயிலில் உருண்டையாகக் கடைந்த கோல் மழையில் லேசாக முட்டை வடிவம் ஆகிவிடும். கண்ணுக்குத் தெரியாது, துளைக்குத் தெரியும்.

இந்த இடத்தில் கெட்டிக்காரர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். கோல் உப்புகிறது சரி, துளையைச் சுற்றியுள்ள கட்டையும் மரம்தானே, அதுவும் உப்பித் துளை இன்னும் சுருங்கிவிடுமே? சுருங்காது. இதைப் புரிந்துகொள்ள மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுகிறதை நினைத்துக்கொள்ளுங்கள். இரும்புப் பட்டாவை எருமுட்டை நெருப்பில் பழுக்கக் காய்ச்சும்போது இரும்பு விரிகிறது. விரிந்தால் நடுவில் இருக்கும் வட்டம் சிறுத்தா போகிறது? பெரிதாகிறது. அதனால்தான் சக்கரத்தின் மேல் சுளுவாக ஏறுகிறது. தண்ணீர் ஊற்றியதும் சுருங்கிக் கவ்வுகிறது. ராஜகோபால பீரங்கியின் வளையங்களும் இதே வித்தைதான். மரம் ஈரத்தில் உப்பும்போதும் அதிலுள்ள துளை சேர்ந்து பெரிதாகத்தான் ஆகும்.

அப்படியானால் கோல் ஏன் மாட்டிக்கொண்டது? மாட்டியதற்குக் காரணம் வேகம். கோல் மெல்லிசு, சுற்றிலும் காற்று படுகிறது. பட்டறைக்காரர் அதற்கு எண்ணெய்கூடப் பூசவில்லை. முதல் நாலு நாள் மழையிலேயே குடிக்க வேண்டியதைக் குடித்துவிட்டது. கட்டை கனமானது, எத்தனையோ வருஷத்து எண்ணெய் ஊறியது. அது ஈரத்தை மெல்ல மெல்லத்தான் உள்ளே விடும். கோல் பருத்தபோது துளை இன்னும் கோடை அளவிலேயே இருந்தது. நடுவிலிருக்கும் பித்தளை வளையங்களுக்கோ மழையும் ஒன்று வெயிலும் ஒன்று.

தை மாதம், மழை விட்டுக் காற்று காய்ந்த பிறகு, ஒரு ஆசாரி வந்தார். சின்ன வயதில் வீணைப் பட்டறையில் வேலை பார்த்தவர். பெரியப்பா அதற்குள் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டால் என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தார். ஆசாரி துப்பாக்கியை வாங்கி, விரல் கணுவால் அடிக்கட்டையைத் தட்டித் தட்டிக் கேட்டார். "ஐயா, துளையில மட்டும் கை வச்சுடாதீங்க. மேல குழல் உட்கார்ற பள்ளத்துக்கும் இந்தத் துளைக்கும் நடுவுல மூணு மில்லிதான் மரம் இருக்கும். குடைஞ்சா மேல பொத்துக்கும், இல்ல கீழ பொத்துக்கும். துளை எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். கோல்தான் அதுக்குப் பணிஞ்சு போகணும்" என்றார்.

அவர் சொன்னதில் எவ்வளவு அனுபவம் இருக்கிறது என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. அவ்வளவு நீளமான துளையைக் கையால் குடையும்போது துரப்பணம் மரத்தின் ரேகையைப் பிடித்துக்கொண்டு லேசாக ஒதுங்கி ஓடும். அதனால் எந்தப் பழைய கட்டையிலும் துளை நூல் பிடித்தாற்போல் நேராக இருக்குமென்று நம்ப முடியாது. கொஞ்சம் வளைந்த துளைக்குள், நேரான, அதே கனமுள்ள கோல் எப்படி இசைந்து போகும்? மூன்று இடத்தில் முட்டிக்கொள்ளும். தளர்வான கோல்தான் அந்த வளைவில் நெளிந்து போகும்.

மாட்டிக்கொண்ட கோலை எடுக்க அவர் பலம் எதுவும் காட்டவில்லை. குறடு போட்டு இழுக்கவும் விடவில்லை. துப்பாக்கியை வெயில் நேரே படாத காற்றோட்டமான திண்ணையில் நாலு நாள் சாய்த்து வைக்கச் சொன்னார். ஐந்தாம் நாள் வந்து, தலையைப் பிடித்து இடமும் வலமும் திருகித் திருகி, இரண்டு விரலால் உருவிவிட்டார். உருவிய கோலை எங்களிடம் காட்டினார். அதன் மேல் மரத்தின் ரேகை நுனியிலிருந்து தலை வரை ஓடவில்லை. பாதி வழியில் சாய்ந்து, கோலின் விளிம்பிலேயே முடிந்துபோயிருந்தது.

அறுத்த மரத்துக்கும் பிளந்த மரத்துக்கும் உள்ள வித்தியாசம் இது. வாள் தன் வழியே நேராகப் போகும், ரேகையைக் கேட்காது. கத்தியை வைத்துப் பிளந்தால் மரம் தன் ரேகை வழியாகத்தான் பிரியும். ரேகை முழு நீளமும் ஓடுகிற கோல் வளையும், உடையாது. ரேகை குறுக்கே வெளியேறுகிற கோல், குண்டைத் தள்ளுகிற வேகத்தில் அந்தச் சாய்விலேயே பிளந்து ஈட்டிபோல் கூராகும். அதைப் பிடித்திருக்கும் கை கீழே அழுத்திக்கொண்டே இருக்கும். வாய்வழித் துப்பாக்கி பிடித்தவர்களின் உள்ளங்கையில் கோல் பாய்ந்த காயங்கள் பெரும்பாலும் இப்படி வந்தவைதான். அமெரிக்காவில் இதற்கு ஹிக்கரி மரத்தைப் பிளந்து எடுப்பார்கள். நம் காட்டில் அதற்கு ஈடாகச் சொல்லத்தக்கது சடச்சி, தடசு என்றும் சொல்வார்கள். நன்றாக வளைந்து கொடுக்கிற மரம், கருவிக் காம்புகளுக்குப் பேர்போனது. ஆசாரி எங்கிருந்தோ ஒரு பழைய சடச்சித் துண்டைக் கொண்டுவந்து, அரிவாளால் பிளந்து, பிளந்ததில் ரேகை கோணாத ஒரு கீற்றை எடுத்துக்கொண்டார்.

பிறகு நடந்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் சதுரம், அப்புறம் எட்டுப் பட்டை, அப்புறம் பதினாறு பட்டை என்று இழைத்துக்கொண்டே போய், கடைசியில் உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டி உருண்டையாக்கினார். கடைசல் இயந்திரம் இல்லாமல் கண்ணும் கட்டைவிரலுமே அளவுகோல். தலைப்பக்கம் ஒரு சாணுக்கும் குறைவான நீளத்தைத் தவிர மீதிக் கோல் முழுவதையும் துளையைவிட அரை மில்லிமீட்டர் மெலிவாகச் செய்தார். செருகியபோது கடகடவென்று உள்ளே விழுந்தது. எனக்கு மனசு ஒப்பவில்லை. இவ்வளவு தளர்ந்தால் மறுபடியும் தெருவில்தானே விழும் என்று கேட்டேன்.

"தம்பி, வீணையில பிருடை பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். பிருடை என்பது தந்தியைச் சுற்றி முறுக்குகிற மரச் சாவி. ஒரு வீணைக்கு ஏழு இருக்கும், நாலு மீட்டுகிற தந்திக்கு, மூன்று தாளத் தந்திக்கு. அது ஒரே கனமாக இருக்காது, ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் மெலிந்து சரிவாக இருக்கும். துளையும் அதே சரிவில். சும்மா செருகினால் ஆடும். இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்தினால் ஒரு இடத்தில் வந்து கப்பென்று கவ்வும். அழுத்தினால் பிடி, லேசாக இழுத்தால் விடுதலை. தந்தியின் அத்தனை இழுப்பையும் தாங்குகிற பிடி, ஒரு குழந்தை கையால் திருகினால் விட்டுவிடுகிறது. சரிவின் குணம் அது.

கோலின் தலைப்பக்கம் அவர் விட்டுவைத்த அந்த எட்டு சென்டிமீட்டர்தான் பிருடை. அந்த நீளத்துக்குள் கனம் ஒரு மில்லிமீட்டர் ஏறும்படி சரிவு கொடுத்தார். கோல் முழுவதும் தடையில்லாமல் போய், கடைசியில் இந்தச் சரிவு வாய்ப்பக்கத்துப் பித்தளை வளையத்துக்குள் வந்ததும் அங்கே மட்டும் கவ்விக்கொள்ளும். எங்கே தொடுகிறது என்று பார்க்க, சரிவின் மேல் காவியை மெல்லிசாகத் தேய்த்து, செருகித் திருகி எடுத்தார். காவி அழிந்து பளபளத்த இடம் வளையத்தைத் தொட்ட இடம். முதல் தடவை ஒரு பக்கம் மட்டும் அழிந்தது. அந்தப் பக்கத்தைச் சில்லால் ஒரே ஒரு இழுப்புச் சுரண்டினார். மறுபடி காவி, மறுபடி திருகல். வளையம் முழுவதும் ஒரு மெல்லிய மோதிரம்போலக் காவி அழியும்வரை இப்படியே. ஒரு பொழுது முழுக்க இதற்குப் போயிற்று. எத்தனை தடவை என்று நான் எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன்.

வெகு முக்கியமான ஒன்றை அவர் போகிறபோக்கில் செய்தார். கோலின் நுனி துளையின் அடியைத் தொடாதபடி ஒரு விரற்கடை குறைத்து வெட்டினார். நுனி அடியில் முட்டிவிட்டால் சரிவு கவ்வுவதற்கு முன்பே கோல் நின்றுவிடும். ஆட்டம் தீராது. பல மாற்றுக் கோல்கள் விழுவதற்குக் காரணம் கனம் குறைந்தது இல்லை, நீளம் கூடியது. கடைசியில் ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு, நாலு நாள் விட்டு நாலு தடவை தேய்த்தார். நல்லெண்ணெய் ஆகாதா என்றால், அது சீக்கிரம் காய்ந்து இறுகாது, பிசுபிசுத்து அழுக்கைச் சேர்க்கும். எந்த எண்ணெயும் ஈரத்தை அடியோடு தடுத்துவிடாது. உள்ளே வருகிற வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். நமக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

இரும்புக் கோல் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். படைகள் அப்படித்தான் மாறின. பிரஷ்யப் படையில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, ஆன்ஹால்ட்-டெஸ்ஸாவின் லியோபோல்ட் இளவரசர் இரும்புக் கோலைக் கொண்டுவந்தார். 1741இல் மோல்விட்ஸ் போரில் அவர்களுடைய காலாட்படை சுட்ட வேகத்துக்கு அதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படும். அவசரத்தில் மரக்கோல் ஒடியும், இரும்பு ஒடியாது. பிரிட்டிஷ் படையும் அந்த நூற்றாண்டின் நடுவில் எஃகுக்கு மாறியது. ஆனால் மரைகள் வெட்டிய குழலின் வாயில் இரும்பு உரசிக்கொண்டே இருந்தால் அந்த வரிகள் தேயும், குறி கெடும். மரம் தான் தேயும், குழலைத் தேய்க்காது. வேட்டை ரைஃபிள்காரர்கள் மரத்தை விடாததற்குக் காரணம் இதுதான்.

இந்தத் துப்பாக்கிகள் இன்னும் உயிரோடு இருக்கிற இடம் நம் காவிரியின் தலைப்பக்கத்திலேயே இருக்கிறது. குடகில், காவிரி பிறக்கிற மண்ணில், கொடவர்கள் செப்டம்பர் தொடக்கத்தில் கைல்போது விழாவில் துப்பாக்கிகளுக்குப் பூச்சூடிக் கும்பிடுகிறார்கள். ஆயுதச் சட்டத்தின் உரிம விதியிலிருந்து அவர்களுக்கு விலக்கும் உண்டு. அங்கே பெய்கிற மழையை நினைத்தால், கோலை எப்படிப் பொருத்த வேண்டும் என்பதை நம்மைவிட அவர்கள் நன்றாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கோல் உருவ வரவேண்டும் என்பதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்துஸ்தானியில் இந்தக் கோலுக்குக் கஜம் என்று பெயர். நாம் துணி அளக்கும் அதே கஜம்தான். முழக்கோலுக்கும் துப்பாக்கிக் கோலுக்கும் ஒரே சொல். பொருத்தமான சொல் அது, ஏனென்றால் இந்தக் கோல் அளக்கவும் செய்யும். வாய்வழித் துப்பாக்கியைப் பார்த்தவுடன் உள்ளே மருந்து இருக்கிறதா என்று தெரியாது. திறந்து பார்க்கப் பின்பக்கம் கதவு கிடையாது. கோலைக் குழலுக்குள் விட வேண்டும். அது அடிவரை போகிறதா, பொறி போகிற சின்ன ஓட்டைக்கு நேராக நிற்கிறதா என்று வெளியே வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நாலு விரற்கடை முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. எத்தனை வருஷமாகச் சுவரில் தொங்கியதாக இருந்தாலும் கரிமருந்து காய்ந்திருந்தால் உயிருள்ளது என்றே நினைக்க வேண்டும். அப்போது தொடாமல் வைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லிவிட வேண்டும்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863ஆம் ஆண்டு கெட்டிஸ்பர்க் களத்தில் பொறுக்கியெடுத்த 27,000க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளில் மிகப் பெரும்பாலானவை கெட்டித்தபடியே கிடந்தன. பலவற்றில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு மூன்று தடவை கெட்டித்திருந்தது. கூச்சலிலும் புகையிலும் தன் துப்பாக்கி வெடித்ததா இல்லையா என்பதே தெரியாமல் மறுபடி மறுபடி கெட்டித்திருக்கிறார்கள், பாவம். உள்ளே இருப்பதைச் சொல்லக்கூடியது கோல் ஒன்றுதான். அது காடியில் மாட்டிக்கொண்டிருந்தால் யாரைக் கேட்பது?

எங்கள் ஆசாரி புதுக் கோலை முதலில் குழலுக்குள் விட்டு அடிவரை போகிறதென்று உறுதி செய்தார். வாயோடு சமமாக வருகிற இடத்தில் கத்தியால் சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு போட்டார். காலிக் குழலுக்கு அந்தக் கோடு அடையாளம். தலையின் மேல்பக்கம் இன்னொரு புள்ளி குத்தினார். எப்போதும் அந்தப் புள்ளி குழலைப் பார்த்தபடியே செருக வேண்டும், மழையில் கோல் முட்டை வடிவம் ஆனாலும் ஒரே பக்கமாக உட்காரும் என்றார். பிறகு காடியில் செருகி, உள்ளங்கையால் ஒரு சின்னத் தட்டு. கோலின் தலை குழலின் வாய்க்கு ஒரு நெல்மணி நீளம் உள்ளே போய் நின்றது. சமமாக இல்லையே என்று பெரியப்பா முகம் சுளித்தார். "இருக்கட்டும் ஐயா, ஐப்பசிக்குப் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வருஷம் ஐப்பசி அடைமழையில் பூஜை அறைக் கதவு அடைத்துக்கொண்டது. தோளால் முட்டித்தான் திறந்தோம். பெரியப்பாவுக்கு நினைவு வந்து, துப்பாக்கியை இறக்கித் திண்ணை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். கோல் ஈரத்தில் ஒரு தாள் கனம் பருத்திருந்தது. அதனால் சரிவு வளையத்தைக் கொஞ்சம் முன்னாலேயே கவ்வியிருந்தது. தலை குழலின் வாயோடு நூல் பிடித்தாற்போல் சமமாக நின்றது. பெரியப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு விரலால் தலையைப் பிடித்துக் கால் திருகு திருகினார், கோல் கையோடு வந்துவிட்டது.